165 கட்-ஆஃப், 62 சதவீதம், ஒரு ஃபெயில்: மேற்படிப்பு கேள்வி பதில்

பிளஸ் டூ ரிசல்ட்டுக்குப் பிறகு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், ஆரணிப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே கேள்விதான்: "இந்த மார்க்குக்கு நல்ல காலேஜ் கிடைக்குமா?" ஒவ்வொரு கல்லூரியும் மார்க் ஷீட்டில் வேறு வேறு எண்ணைப் பார்க்கிறது. சில இடங்களில் மார்க் ஷீட்டையே பார்ப்பதில்லை. எங்கே எதைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

என் மகள் அரசு மேல்நிலைப் பள்ளியில் படித்தாள். கணிதம் 78, இயற்பியல் 84, வேதியியல் 90. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் 90க்கு மேல். நல்ல மார்க் என்கிறார்கள் பள்ளியில். கட்-ஆஃப் குறைவு என்கிறார்கள் பக்கத்து வீட்டில். மறுமதிப்பீட்டுக்குப் போடலாமா?
— ஒரு தாய், குடியாத்தம்

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். பொறியியல் கவுன்சலிங்கில் தமிழும் ஆங்கிலமும் கட்-ஆஃபில் சேராது. கணித மார்க் அப்படியே 100க்கு எடுக்கப்படும். இயற்பியலும் வேதியியலும் பாதியாகி ஐம்பது ஐம்பதுக்கு வரும். உங்கள் மகளுக்கு 78 + 42 + 45 = 165. கணிதத்தில் ஒரு மார்க் ஏறினால் கட்-ஆஃப் ஒன்று ஏறும். வேதியியலில் ஒன்று ஏறினால் அரைதான் ஏறும். எனவே பணம் கட்டுவதானால் கணிதத் தாளுக்கு மட்டும் கட்டுங்கள்.

மறுமதிப்பீட்டுக்கு நேரடியாகப் போட முடியாது. முதலில் விடைத்தாள் நகல் வாங்க வேண்டும். அதற்கான அவகாசம் சில நாட்கள்தான், ரிசல்ட் வந்த கையோடு தேதி அறிவித்துவிடுவார்கள். நகல் கைக்கு வந்ததும் மகளை மட்டும் பார்க்கச் சொல்லாதீர்கள். கணித ஆசிரியரிடம் கொண்டுபோங்கள். அவர் மூன்று இடங்களைப் பார்ப்பார். உள்பக்கத்தில் போட்ட மார்க் முகப்புத் தாளில் ஏறியிருக்கிறதா, திருத்தாமல் விட்ட பக்கம் ஏதாவது உண்டா, ஐந்து மார்க் கணக்குகளில் படிகளுக்கு மார்க் கொடுத்திருக்கிறார்களா என்று. கணிதத் தாள் 90 மார்க்குக்கு: 20 ஒரு மார்க், 7 இரண்டு மார்க், 7 மூன்று மார்க், 7 ஐந்து மார்க். மீதி 10 அகமதிப்பீடு, அதில் கை வைக்க முடியாது. ஐந்து மார்க் கணக்கில் கடைசி விடை தப்பானாலும் சரியான படிகளுக்கு மார்க் உண்டு. பெரும்பாலும் விட்டுப்போவது அங்கேதான். மறுமதிப்பீட்டில் மார்க் குறையவும் செய்யலாம். அதனால் இரண்டு, மூன்று மார்க் நிச்சயம் கூடும் என்று ஆசிரியர் சொன்னால் மட்டும் போடுங்கள்.

உங்கள் கடிதத்தில் மார்க்கைவிட எங்கள் கண்ணில் பட்டது 'அரசு மேல்நிலைப் பள்ளி' என்ற சொல். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு உண்டு. பொறியியலுக்கு 2021லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதற்குத் தனி தரவரிசை. அதற்குள்ளும் வகுப்புவாரி ஒதுக்கீடு. பொதுப் பட்டியலில் எட்டாத இடம் இதில் எட்டலாம். இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கவனிக்க வேண்டியது: அரசு உதவிபெறும் பள்ளி இதில் சேராது. வேலூர் நகரத்தில் பழைய மிஷன் பள்ளிகள் பல உதவிபெறும் பள்ளிகள்தான். சம்பளம் அரசு தருகிறது, எனவே அரசுப் பள்ளி என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு. ஆறாவது ஒரு பள்ளி, ஒன்பதாவது வேறு பள்ளி என்றால் இரண்டு தலைமையாசிரியர்களிடமும் படிப்புச் சான்று வாங்க வேண்டும். அவசரத்துக்குக் கிடைக்காது, இப்போதே போய் வாங்குங்கள்.

குடும்பத்தில் யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் இ-சேவை மையத்தில் போட்டுவையுங்கள். 7.5 சதவீதத்தில் கிடைக்காமல் பொதுப் பிரிவில் போக நேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகைக்கு அது வேண்டும்.

பொறியியல் கவுன்சலிங்கில் விருப்பப் பட்டியல் கொடுக்கும் சாய்ஸ் ஃபில்லிங்கில் எத்தனை கல்லூரி போட வேண்டும்? கிடைக்காத கல்லூரியை மேலே போட்டால் கிடைக்கிறதும் போய்விடும் என்கிறார்களே?
— மாணவர், அணைக்கட்டு

போகாது. இந்த ஒரு பயம்தான் வருஷா வருஷம் நல்ல கட்-ஆஃபை வீணடிக்கிறது. கம்ப்யூட்டர் உங்கள் பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டே வரும். உங்கள் தரவரிசைக்கு முதலில் எந்த இடம் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுக்கும். மேலே இருப்பது கிடைக்கவில்லை என்பதால் கீழே இருப்பதில் உங்கள் முன்னுரிமை குறையாது. ஆகவே 'கிடைக்கும்' என்ற வரிசையில் போடாதீர்கள், 'வேண்டும்' என்ற வரிசையில் போடுங்கள். எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை.

கையில் ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பாடப்பிரிவும் உங்கள் சாதி ஒதுக்கீட்டுப் பிரிவில் எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்பது கவுன்சலிங் இணையதளத்திலேயே இருக்கும். ஓ.சி. (பொதுப் பிரிவு) பத்தியைப் பார்த்துவிட்டு 'எட்டாது' என்று மூடிவிடாதீர்கள். உங்கள் பத்தி எது என்று பாருங்கள். உங்கள் கட்-ஆஃபுக்குப் பத்து மேலே இருப்பதிலிருந்து பத்துப் பதினைந்து கீழே இருப்பது வரை எழுதுங்கள். பிறகு அதை விருப்ப வரிசைக்கு மாற்றுங்கள். இதை வீட்டில் உட்கார்ந்து செய்துவிட்டு, கல்லூரிக் குறியீட்டு எண்ணோடும் பிரிவுக் குறியீட்டோடும் பிரவுசிங் சென்டருக்குப் போங்கள். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் இரண்டு மூன்று இருக்கும். பெயரைப் பார்த்துத் தட்டினால் வேறு மாவட்டத்துக் கல்லூரி விழும். எண்ணைப் பார்த்துத் தட்டுங்கள். ஓ.டி.பி. உங்கள் வீட்டு போனுக்கு வரட்டும், சென்டர்க்காரர் போனுக்கு வேண்டாம்.

தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு இன்னொரு கண்ணி இருக்கிறது. 'ஏற்றுச் சேர்கிறேன்' என்பது ஒன்று. 'ஏற்கிறேன், மேலே இருப்பது காலியானால் நகர்கிறேன்' என்பது இன்னொன்று. இரண்டாவதைக் கொடுத்தால் கட்டணத்தைக் குறித்த நாளுக்குள் கட்டியாக வேண்டும். மேலே இடம் கிடைத்துவிட்டால் பழையது தானாகப் போய்விடும், 'அதுவே நல்லா இருந்துச்சு' என்று திரும்ப முடியாது. இரண்டு நாள்தான் அவகாசம். எதையும் அழுத்தாமல் விட்டால் ஒதுக்கிய இடமும் போகும்.

எங்கள் கருத்து ஒன்று. 160, 170 கட்-ஆஃபில் இருப்பவர்கள் பாகாயத்தில் இருக்கும் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் மெக்கானிக்கலோ சிவிலோ கிடைத்தால், பெயர் தெரியாத ஒரு தனியார் கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸுக்காக அதை விட்டுவிட வேண்டாம். லேப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று புரியும்.

மகனுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் சேர்த்து 62 சதவீதம்தான். வி.ஐ.டி. வாசலைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். அங்கே நினைத்தாவது பார்க்கலாமா?
— தந்தை, காட்பாடி

பார்க்கலாம். பி.டெக் படிப்புக்கு அந்த மூன்று பாடத்தில் 60 சதவீதம் இருந்தால் தகுதி உண்டு, எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 50. தகுதிக்குப் பிறகு பிளஸ் டூ மார்க்குக்கு வேலை இல்லை. அவர்களே நடத்தும் விட்டீ நுழைவுத் தேர்வின் ரேங்க்தான் பேசும். 62 வாங்கியவரும் 99 வாங்கியவரும் அங்கே ஒரே கோட்டில் நிற்கிறார்கள்.

தேர்வு இரண்டரை மணி நேரம், 125 கேள்வி: கணிதம் 40, இயற்பியல் 35, வேதியியல் 35, திறனறிவு 10, ஆங்கிலம் 5. தப்பான விடைக்கு மார்க் கழிப்பதில்லை. ஆகவே ஒரு கேள்வியைக்கூட வெறுமையாக விட்டுவிட்டு எழுந்து வரக் கூடாது. கடைசி ஐந்து நிமிஷத்தைத் தெரியாத கேள்விகளுக்கு ஏதாவது ஒன்றைத் தட்டுவதற்கென்றே ஒதுக்கச் சொல்லுங்கள். தப்புக்கு மார்க் கழியும் ஜே.இ.இ. தேர்வுக்குப் பழகியவர்கள் பழக்கதோஷத்தில் விட்டுவிட்டு வருகிறார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். சீட் கிடைப்பது ஒரு விஷயம், எந்தக் கட்டண வகையில் கிடைக்கிறது என்பது வேறு விஷயம். ஐந்து வகை இருக்கிறது. ரேங்க் பின்னால் போகப் போக வகையும் ஏறும், கட்டணமும் ஏறும். அந்த வருஷத்துக் கட்டணப் பட்டியலை எடுத்து, நான்கால் பெருக்கி, விடுதியில் விட வேண்டியிராது என்பதால் அதைக் கழித்து, 'இந்த வகை வரைதான் நம்மால் முடியும்' என்று கவுன்சலிங்குக்கு முந்தின நாளே மகனோடு உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள். திரையில் இடம் பச்சையாக மின்னும்போது யோசிக்க வராது. பணம் கொடுத்தால் ரேங்க்கே வேண்டாம் என்று டீக்கடையில் யாராவது சொன்னால் டீயை முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

வேதியியலில் ஃபெயில். ஒரு வருஷம் போய்விட்டதா?
— மாணவர், பேரணாம்பட்டு

இல்லை. துணைத் தேர்வு சில வாரங்களிலேயே வரும். அதில் தேறியவர்களுக்குப் பொறியியலில் துணைக் கவுன்சலிங் தனியாக உண்டு. மூன்று பாடச் சராசரி பொதுப் பிரிவுக்கு 45, மற்றவர்களுக்கு 40 இருந்தால் போதும். நல்ல இடங்கள் அதற்குள் போயிருக்கும் என்பது உண்மை. அதனால் இன்னொரு வழியையும் எடைபோடுங்கள்: தேறியதும் தொரப்பாடி அரசு பாலிடெக்னிக் மாதிரி இடத்தில் டிப்ளமோ நேரடி இரண்டாம் ஆண்டு. அதை முடித்து பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும்போது டிப்ளமோ மார்க்கைத்தான் பார்ப்பார்கள், இந்த வேதியியல் உங்களைப் பின்தொடராது.

மொத்தம் 71 சதவீதம். இயற்பியலில் ஆராய்ச்சி வரை போக ஆசை. தமிழ் மீடியம். பெரிய நிறுவனங்கள் என்னை எடுக்குமா?
— மாணவி, ஆற்காடு

மூன்று வழி இருக்கிறது.

காட்பாடியில் ரயில் ஏறினால் சித்தூர், பாகாலா வழியாக எட்டும் திருப்பதியில் ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிறது. அதற்குப் பிளஸ் டூவில் 60 சதவீதம் போதும் (எஸ்.சி., எஸ்.டி.க்கு 55). ஆள் எடுப்பது முழுக்க ஐ.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வின் ரேங்க்கில். 60 கேள்வி, மூன்று மணி நேரம், உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் ஒவ்வொன்றிலும் 15. சரிக்கு 4, தப்புக்கு ஒன்று கழியும். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் படித்தவர்கள் உயிரியல் பகுதியைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். நான்கு பகுதியும் கணக்கில் சேரும் என்பதால் முழுதாக விடுவது நஷ்டம். பிளஸ் ஒன், பிளஸ் டூ உயிரியல் புத்தகங்களில் செல், மரபியல், மனித உடலியங்கியல் மட்டுமாவது படித்தால் ஐந்தாறு கேள்வி கையில் வரும்.

இரண்டாவது க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரி, ஹைதராபாத், டெல்லி என்று மத்தியப் பல்கலைக்கழகங்கள் இதன் மார்க்கில்தான் சேர்க்கின்றன. தமிழிலும் எழுதலாம். ஒரு தாளுக்கு 50 கேள்வி, 60 நிமிஷம், சரிக்கு 5, தப்புக்கு ஒன்று கழியும். அதிகபட்சம் ஐந்து தாள். இதில் ஃபெயில் ஆகிறவர்களைவிடத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம், இரண்டு காரணத்தால். ஒன்று, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒவ்வொரு படிப்புக்கும் எந்தெந்தத் தாள் வேண்டும் என்று தனியாகச் சொல்லும். ஒன்று இயற்பியல், கணிதத்தோடு மொழித் தாளும் கேட்கும், இன்னொன்று 'ஜெனரல் டெஸ்ட்' என்ற தாள் கேட்கும். விண்ணப்பத்திலேயே தாளைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்பதால், கல்லூரியை முதலில் முடிவு செய்து அதிலிருந்து தாளுக்கு வர வேண்டும். தலைகீழாகச் செய்தவர்கள் நல்ல மார்க் வாங்கியும் வெளியே நிற்பார்கள். இரண்டு, க்யூட் எழுதியதோடு முடிந்துவிட்டதென்று நினைப்பது. மார்க் வந்ததும் ஒவ்வொரு பல்கலைக்கழக இணையதளத்திலும் தனித்தனியாகப் பதிய வேண்டும். அங்கே பதியாதவர் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது.

மூன்றாவது சென்னை ஐ.ஐ.டி.யின் நான்காண்டு பி.எஸ். படிப்புகள். இயற்பியல் அல்ல, டேட்டா சயன்ஸ், எலக்ட்ரானிக்ஸ் போன்றவைதான், ஆனால் ஜே.இ.இ. வேண்டாம், பிளஸ் டூ சதவீத வரம்பும் இல்லை. நான்கு வாரப் பாடத்தை ஆன்லைனில் படித்து, வாராவாரம் பயிற்சிகளைச் சமர்ப்பித்து, நேரில் போய் ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும். தேறினால் இடம் உறுதி. வருமானத்தைப் பொறுத்து 75 சதவீதம் வரை கட்டணச் சலுகை உண்டு. உள்ளூரில் ஒரு பி.எஸ்சி. இயற்பியலில் சேர்ந்துகொண்டே இதையும் படிக்கலாம். ஆங்கிலத்தில்தான் நடக்கும், முதல் இரண்டு மாதம் கஷ்டமாக இருக்கும்.

எங்களிடம் எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் இருக்கிறது. ஐசர், க்யூட் விண்ணப்பத்தில் அதையே போடலாமா?
— தந்தை, ஒடுகத்தூர்

போடக் கூடாது. மாநில அரசின் பி.சி., எம்.பி.சி. சான்று மாநிலக் கல்லூரிகளுக்குத்தான். மத்திய நிறுவனங்களுக்கு 'ஓ.பி.சி. நான் கிரீமி லேயர்' சான்று, மத்திய அரசு படிவத்தில் வேண்டும். சாதியின் பெயர் மத்திய ஓ.பி.சி. பட்டியலிலும் இருக்க வேண்டும். உங்கள் சாதிச் சான்று ஒரு முறை வாங்கினால் போதும். இது அப்படியல்ல, சேர்க்கை நடக்கும் நிதியாண்டில், அதாவது அந்த வருஷம் ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதைக் கேட்பார்கள். பிப்ரவரியில் வாங்கி வைத்து ஜூனில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம்; அதில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. இ-சேவை மையத்தில் 'சாதிச் சான்று' என்று கேட்காமல் 'ஓ.பி.சி. சான்று' என்று தனியாகக் கேளுங்கள்.

ஒரு வருஷம் டிராப் எடுத்து மறுபடி நீட்டோ ஜே.இ.இ.யோ எழுதினால் பழைய பிளஸ் டூ மார்க் தடையாகுமா?
— மாணவர், ஆரணி

நீட்டுக்குத் தடை இல்லை. இயற்பியல், வேதியியல், உயிரியலில் 50 சதவீதம் (இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 40) இருந்தால் போதும், பிறகு நீட் மார்க்தான் பேசும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆனாலும் சி.எம்.சி. ஆனாலும் நீட் இல்லாமல் எம்.பி.பி.எஸ். இல்லை. எத்தனை முறையும் எழுதலாம்.

ஜே.இ.இ. அப்படியல்ல. ஐ.ஐ.டி.க்கான அட்வான்ஸ்டு தேர்வை அடுத்தடுத்த இரண்டு வருஷத்தில் இரண்டு முறைதான் எழுத முடியும். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. சேர்க்கைக்குப் பிளஸ் டூவில் 75 சதவீதம் (எஸ்.சி., எஸ்.டி.க்கு 65), அல்லது உங்கள் போர்டின் முதல் 20 பெர்சன்டைலுக்குள் இருக்க வேண்டும். இது இரண்டும் இல்லை என்றால் ஒரு வருஷக் கோச்சிங் பணம் என்.ஐ.டி.க்காகச் செலவாவதில் அர்த்தம் இல்லை.

பொறியியல் கவுன்சலிங்குக்கு டிராப் எந்தக் கெடுதலும் செய்யாது. கட்-ஆஃபும் பாட மார்க்குகளும் சமமானால் பிறந்த தேதி பார்ப்பார்கள், மூத்தவர் முன்னே போவார். ஒரு வயது கூடியதற்கு இப்படியும் ஒரு லாபம்.

சி.பி.எஸ்.இ. மாணவி. ஒன்பதாவது, பத்தாவதில் 68 சதவீதம். பிளஸ் ஒன்னில் 87. அமெரிக்காவில் இளநிலை படிக்க விண்ணப்பிக்கிறேன். பழைய மார்க்கை மறைக்க வழி உண்டா?
— வேலூர்

மறைக்க முடியாது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு வருஷ மார்க்கையும் பள்ளிதான் அனுப்பும். ஆனால் ஏறுமுகமாக இருப்பது உங்களுக்குச் சாதகம். 87, 86, 85 என்று இறங்குவதைவிட 68லிருந்து 87க்கு வந்தது நன்றாகவே படிக்கப்படும், பன்னிரண்டாவது அரையாண்டிலும் அது நின்றால்.

பள்ளியிடம் மூன்றைக் கேளுங்கள். மார்க்கைச் சதவீதமாகவே அனுப்பச் சொல்லுங்கள். நீங்களாக நான்குக்கு இவ்வளவு என்று அமெரிக்க ஜி.பி.ஏ. கணக்குக்கு மாற்ற வேண்டாம். பள்ளி விவரக் குறிப்பு ஒரு பக்கம்: எத்தனை மாணவர், எந்தப் பாடங்கள், அதிகபட்ச மார்க் எவ்வளவு. அது இல்லையென்றால் உங்கள் பள்ளியில் 87 என்பது முதல் பத்துப் பேருக்குள்ளா கடைசியிலா என்று அங்கே படிக்கிறவருக்குத் தெரியாது. மூன்றாவது, பிளஸ் ஒன், பிளஸ் டூவில் பாடம் எடுத்த ஆசிரியரின் பரிந்துரை.

பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் இணையதளமான காமன் ஆப் ஆகஸ்ட் 1 அன்று திறக்கும். முதன்மைக் கட்டுரை 650 சொல்லுக்குள். அதில் பழைய மார்க்குக்குச் சமாதானம் எழுதி வீணாக்க வேண்டாம். கூடுதல் விவரப் பகுதியில் நான்கே வரி போதும்: என்ன நடந்தது, எந்த மாதத்திலிருந்து எதுவரை, அது எப்படி முடிந்தது, அதற்குப் பிறகு எந்தப் பாடத்தில் எவ்வளவு. உண்மையில் காரணம் எதுவும் இல்லை, விளையாட்டுத்தனமாக இருந்துவிட்டேன் என்றால் அந்தப் பகுதியைக் காலியாக விடுங்கள், பிளஸ் ஒன் மார்க்கே பேசட்டும். எஸ்.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வு கட்டாயமில்லை, விருப்பம் என்று சொல்லும் கல்லூரிக்கும் நீங்கள் எழுதி அனுப்புவது நல்லது. 1600க்கு நல்ல மதிப்பெண் வந்தால் 68 பின்னுக்குப் போகும். தேர்வின் முதல் பகுதியை எப்படிச் செய்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் இரண்டாம் பகுதியின் கடினம் அமையும், தொடக்கத்தில் அவசரம் வேண்டாம்.

பணம். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்ற சிலவே வெளிநாட்டு மாணவர் உதவி கேட்பதைப் பார்க்காமல் தேர்ந்தெடுத்து, தேவை முழுவதையும் கொடுக்கின்றன. அங்கே போட்டி எப்படியென்று சொல்ல வேண்டியதில்லை. மற்ற பெரும்பாலான இடங்களில் உதவி கேட்பதே முடிவைப் பாதிக்கும். சேர்ந்தே ஆக வேண்டும் என்று கட்டுப்படுத்தும் முன்கூட்டிய விண்ணப்பத்தில், உதவித்தொகைகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய குடும்பம் கையெழுத்துப் போட வேண்டாம்.

ஆதாரில் தலைப்பெழுத்து விரித்து எழுதியிருக்கிறது, பத்தாவது சான்றிதழில் ஒரே எழுத்து. எதை விண்ணப்பத்தில் போடுவது?
— மாணவியின் அண்ணன், வாலாஜா

பத்தாவது சான்றிதழில் இருப்பதை, எழுத்துக்கு எழுத்து, புள்ளியும் இடைவெளியும் உட்பட. சான்றிதழைத் திருத்துவது நீண்ட வேலை, ஆதாரைத் திருத்துவது எளிது. எனவே ஆதாரைச் சான்றிதழுக்கு ஒத்து மாற்றுங்கள். மாற்றும்போது பிறந்த தேதியையும் ஒரு முறை ஒப்பிட்டுவிடுங்கள். விண்ணப்பம் திறக்கும் வரை காத்திருக்க வேண்டாம், தங்கை பிளஸ் டூ படிக்கும்போதே தீபாவளி விடுமுறையில் முடித்துவிடுங்கள்.